வைசர் – மியூலன்பர்க்: பழைய ஜெர்மன் அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வேரும் கிளையும் தேடுவோருக்கான கேள்வி பதில்கள்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ் வீடுகளில் ஜெர்மன் வேர் கொண்ட மருமகளோ மருமகனோ இருப்பது இப்போது அபூர்வமில்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பக்கத்துக் கொடிவழியை ஊரில் உள்ள பெரியப்பாவையும் அத்தையையும் கேட்டு எழுதிவிடுகிறார்கள். மறுபக்கம் வரும்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், ஆவணங்கள் நிறைய உள்ள ஒரு குடும்பத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டேன்.

வைசர், மியூலன்பர்க் என்பவர்கள் யார்?

கான்ராட் வைசர் 1696-ல் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் நாட்டில் பிறந்தவர். 13 வயதில் தந்தையோடு நியூயார்க் வந்தார். பதின்ம வயதிலேயே அமெரிக்கப் பழங்குடியினரான மோஹாக் மக்களோடு தங்கி அவர்கள் மொழியைக் கற்றார். பின்னாளில் பென்சில்வேனியா அரசுக்கும் மோஹாக் உள்ளிட்ட பழங்குடிகளின் இரோக்குவா கூட்டமைப்புக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் தூதராகவும் இருந்தார். 1744-ல் லங்காஸ்டரில் நடந்த உடன்படிக்கைப் பேச்சில் இரு தரப்பும் நம்பிய ஆள் இவர்தான்.

இவருடைய மகள் அன்னா மரியாவை 1745-ல் மணந்தவர் ஹென்றி மெல்கியோர் மியூலன்பர்க். ஐன்பெக் என்ற ஊரில் 1711-ல் பிறந்து, 1742-ல் அமெரிக்கா வந்த லுத்தரன் போதகர். அமெரிக்க லுத்தரன் சபைகளை ஓர் அமைப்பாகக் கட்டியவர். இந்தத் தம்பதியின் பிள்ளைகளில் பீட்டர் சுதந்திரப் போரில் தளபதி, ஃபிரடரிக் 1789-ல் கூடிய முதல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், கொட்ஹில்ஃப் ஹென்றி ஏர்ன்ஸ்ட் தாவரவியல் அறிஞர். மியூலன்பெர்கியா என்ற புல் இனத்துக்கு அவர் பெயர்தான்.

ஜெர்மனியில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாத் தேடலும் சிக்கி நிற்கும் இடம் இதுதான். அமெரிக்க ஆவணங்களில் "ஜெர்மனி" என்றோ "பாலடைன்" (ரைன் ஆற்றுப் பகுதியிலிருந்து வந்தவர்) என்றோ மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஜெர்மனியில் பழைய பிறப்பு இறப்புக் கணக்கு முழுவதும் அந்தந்த ஊர்ச் சபையின் பதிவேட்டில்தான் இருக்கிறது. ஊர் தெரியாவிட்டால் கதவு திறக்காது.

வைசர் குடும்பத்துக்கு அதிர்ஷ்டம் உண்டு. கான்ராட் தன் பிள்ளைகளுக்காகத் தன் கதையைத் தானே எழுதிவைத்தார். அதில் முதல் சில வரிகளிலேயே எத்தனை தடயங்கள் என்று பாருங்கள். தான் பிறந்தது ஹெர்ரன்பெர்க் வட்டாரத்தில் ஆஃப்ஷ்டெட் என்ற சிற்றூரில் என்கிறார். ஞானஸ்நானம் பெற்றது பக்கத்து ஊரான குப்பிங்கனில். தாயின் பெயர் அன்னா மக்டலேனா, அவர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் ஊபெலே. தாத்தா யாக்கோப் வைசர், பூட்டனும் யாக்கோப் வைசர். அந்தப் பூட்டன் பாக்னாங் வட்டாரத்தில் உள்ள குரோஸ் ஆஸ்பாஹ் ஊரின் தலைவர். தந்தை வழியிலும் தாய் வழியிலும் முன்னோர் எல்லாரும் நினைவுக்கெட்டாத காலந்தொட்டு அந்த ஊரிலேயே பிறந்து அங்கேயே அடக்கமானவர்கள் என்றும் சொல்கிறார்.

மூன்று ஊர்ப் பெயர்கள், மூன்றுக்கும் வேறு வேறு வேலை. பிறந்தது ஓர் ஊர், பதிவேடு இருப்பது இன்னொரு ஊர், வம்சம் வேரூன்றியது மூன்றாவது ஊர். தந்தை குதிரைப்படையில் இருந்து ஆஃப்ஷ்டெட்டில் தங்கியிருந்த காலத்தில்தான் கான்ராட் பிறந்தார். ஆஃப்ஷ்டெட்டில் மட்டும் தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. கிடைக்காததால் "ஆவணம் அழிந்துவிட்டது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சிற்றூர் என்றால் அது எந்தத் தாய்ச்சபையைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு வரியும் அதே கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது. 1709-ல் தாய் இறந்துபோகிறார். தந்தை எட்டுப் பிள்ளைகளோடு கிளம்புகிறார். மூத்த மகள் கத்ரினா கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் ஊரிலேயே தங்கிவிடுகிறாள். வீடு, வயல், புல்வெளி, திராட்சைத் தோட்டம் அத்தனையும் அவர்களிடம் விட்டுப்போகிறார். அவர்களால் கொடுக்க முடிந்தது 75 குல்டன் (அக்கால ஜெர்மன் நாணயம்). மீதி 600 குல்டன் பிறகு தருவதாகப் பேச்சு. அது கடைசிவரை வரவில்லை, தானமாகவே போயிற்று என்று கான்ராட் எழுதுகிறார். படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. தேடுகிறவருக்கோ இது பெரிய துப்பு. போனவர்களைப் பற்றி அந்த ஊரில் எதுவும் எழுதப்படாமல் இருக்கலாம். தங்கியவளைப் பற்றிக் கட்டாயம் எழுதப்பட்டிருக்கும். கத்ரினா போன்ற அக்காவையும் தம்பியையும் தேடுங்கள், அவர்கள் வழியாக ஊர் உறுதியாகும்.

உங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி எழுதிவைக்கவில்லை என்றால்?

பெரும்பாலானோர் நிலை அதுதான். அப்போது பெயரைவிட அக்கம்பக்கத்தைத் தேடுங்கள். இவர்கள் தனியாக வரவில்லை, ஊராகவும் உறவாகவும் சேர்ந்து வந்தார்கள். அமெரிக்காவில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில், குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானப்பெற்றோர் பெயர் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் அல்லது அதே ஊர்க்காரர். உங்கள் குடும்பத்தின் ஊர் கிடைக்காவிட்டாலும் ஞானத்தகப்பனின் ஊர் கிடைக்கலாம். அந்த ஊர்ப் பதிவேட்டில் உங்கள் குடும்பமும் இருக்கும் வாய்ப்பு நிறைய. மொரேவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையில் சேர்ந்தவர்கள் என்றால் இன்னும் நல்லது. அந்தச் சபையில் ஒவ்வொருவருக்கும் வாழ்க்கைக் குறிப்பு எழுதும் வழக்கம் இருந்தது. பென்சில்வேனியாவின் பெத்லகேம் நகரில் உள்ள அவர்கள் ஆவணக்காப்பகத்தில் அவை இருக்கின்றன. பிறந்த ஊர், பெற்றோர், எப்போது புறப்பட்டார் என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில் வரும்.

1709-ல் அத்தனை பேர் ஏன் கிளம்பினார்கள்?

பிரெஞ்சுப் படைகள் ரைன் பகுதியைத் திரும்பத் திரும்பக் கொளுத்தின. வரி தாங்கவில்லை. 1708–09 குளிர்காலம் ஐரோப்பா கண்டிராத கொடுமை, திராட்சைக் கொடிகள் உறைந்து செத்தன. அதோடு அமெரிக்காவில் நிலம் கிடைக்கும், இங்கிலாந்தின் ஆன் அரசி உதவுவார் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. சுமார் 13,000 பேர் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். நகருக்கு வெளியே கூடாரங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 3,000 பேரை 1710-ல் நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் கப்பற்படைக்குப் பைன் மரத்திலிருந்து தார் எடுத்துத் தருவது அவர்கள் வேலை. ஹட்சன் ஆற்றங்கரை முகாம்களில் அந்தத் திட்டம் தோற்றுப்போனது. பிறகு பலர் ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்குப் போனார்கள். அங்கும் நிலத்துக்கு உரிமை கிடைக்காமல், 1723 முதல் ஒரு பகுதியினர் சஸ்குவஹன்னா ஆற்றோடு இறங்கிப் பென்சில்வேனியாவின் டல்பெஹாக்கனில் குடியேறினார்கள். கான்ராட் 1729-ல் அங்கே வந்தார்.

இந்த வழித்தடம் உங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், ஒரே குடும்பத்தின் காகிதங்கள் நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். பயணத்திலும் முகாமிலும் ஏராளமானோர் இறந்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளை நியூயார்க் ஆளுநர் ஹன்டர் வேலை பழக வெளியே கொடுத்தார். தந்தை உயிரோடு இருந்தும் கான்ராடின் தம்பிகள் இருவரை லாங் தீவுக்குக் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைச் சுதந்திர வழக்கால் பின்னாளில் புகழ்பெற்ற ஜான் பீட்டர் செங்கர் இப்படி ஓர் அச்சகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுவன்தான். உங்கள் முன்னோர் ஒருவர் பெற்றோர் பெயரே இல்லாமல் திடீரென்று ஓர் ஊரில் முளைத்தால், இந்தப் பிள்ளைகளின் பட்டியலைப் பாருங்கள்.

கப்பல் பட்டியலில் பெயர் இல்லையே?

பிலடெல்பியா துறைமுகத்தில் முறையான பட்டியல் தொடங்கியது 1727-ல். அதற்கு முன் வந்தவர்களை அங்கே தேடிப் பயனில்லை. அந்தப் பட்டியல்களிலும் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள்தான் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்துக் கையெழுத்திட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் சில கப்பல்களின் தலைமை மாலுமி கொடுத்த பட்டியலில் மட்டும் வருவார்கள். ஒரே கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கலாம். கையெழுத்திட்ட பட்டியலின் நகலைக் கட்டாயம் பாருங்கள். ஆள் தன் கையால் எழுதிய பெயரா, எழுதத் தெரியாமல் குறி போட்டாரா என்பது அதில்தான் தெரியும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும்போது அந்தக் கையெழுத்தே வழக்கைத் தீர்க்கும்.

1710-ல் வந்தவர்களுக்கு ஹன்டரின் உணவுப்படிக் கணக்கு இருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், 10 வயதுக்கு மேற்பட்டோர் எத்தனை, கீழ்ப்பட்டோர் எத்தனை என்று 1710 முதல் 1712 வரை எழுதியிருக்கிறார்கள். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் ஒரு சாவு, ஒன்று கூடினால் ஒரு பிறப்பு அல்லது மறுமணம். வறண்ட கணக்குதான், ஆனால் வரிசையாகப் படித்தால் ஒரு வீட்டின் மூன்றாண்டு துக்கமும் சந்தோஷமும் அதில் இருக்கும். அவர்களோடு வந்த போதகர் யோசுவா கோஹெர்தால் வைத்திருந்த சபைப் பதிவேட்டையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

ஒரே வீட்டில் நான்கு பேருக்கு "யோஹான்" என்று பெயர். எப்படிப் பிரிப்பது?

யோஹான், அன்னா என்பவை ஞானஸ்நானத்தில் முன்னால் வைக்கும் பெயர்கள். கூப்பிடுவது இரண்டாவது பெயரை. யோஹான் கான்ராட் வீட்டில் கான்ராட்தான். மகன்கள் எல்லாருக்கும் யோஹான் வைத்திருந்தால் அதில் குழப்பம் ஒன்றுமில்லை. ஆனால் "யோஹானஸ்" என்று தனியாக எழுதியிருந்தால் அது அழைக்கும் பெயரேதான், வேறு ஆள். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். கான்ராடுக்குப் பிறந்தவை 14, பெரியவர்களானது ஏழு. மியூலன்பர்க் வீட்டில் 11-க்கு ஏழு. பெண்ணின் குடும்பப் பெயர் "-இன்" என்று முடிந்தால் அது வேறு குடும்பம் இல்லை. வைசரின் என்றால் வைசர் வீட்டுப் பெண்.

எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று மாமனார் சொல்கிறார். உண்மையா?

குடியேற வந்தவர்களைப் பதிவு செய்த நியூயார்க் துறைமுக நிலையமான எல்லிஸ் தீவு திறந்தது 1892-ல். இந்தக் குடும்பங்கள் அதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு முன்பே வந்துவிட்டன. பெயரை யாரும் ஒரே நாளில் மாற்றவில்லை. ஆங்கில எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், பிள்ளைகள் அக்கம்பக்கத்துக்கு ஏற்ப எழுதினார்கள். ஷ்னைடர் ஸ்னைடர் ஆனார், சிம்மர்மன் (ஜெர்மனில் தச்சர்) கார்ப்பென்டர் ஆனார், ஷுல்ட்ஸே என்பதிலிருந்து ஓர் எழுத்து உதிர்ந்தது. ஒரே உயிலில் ஒரே பெயர் மூன்று விதமாக இருக்கும். எழுத்து வேறுபாட்டை வைத்து "இது நம் குடும்பம் இல்லை" என்று ஒதுக்காதீர்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு பிறந்த தேதி வருகிறது. எது சரி?

இரண்டுமே சரியாக இருக்கலாம். ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் நாடுகள் 1700-ல் புதிய நாட்காட்டிக்கு மாறின. இங்கிலாந்தும் அதன் காலனிகளும் 1752-ல்தான் மாறின. இடைப்பட்ட காலத்தில் 11 நாள் வித்தியாசம். ஆங்கிலக் கணக்கில் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்ததால், ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் ஆண்டே ஒன்று தள்ளிப்போகும். ஆவணத்தில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். நீங்களாகத் திருத்தி எழுதினால் அடுத்து வருபவர் இன்னொரு முறை திருத்துவார்.

கான்ராட் வைசரின் மனைவி அன்னா ஈவா ஒரு மோஹாக் பெண் என்று படித்தேனே?

வழித்தோன்றல்கள் பலர் தலைமுறை தலைமுறையாக நம்பிய கதை அது. நம்புவதற்குக் காரணமும் இருந்தது. கான்ராட் மோஹாக் மக்களோடு வாழ்ந்தவர், அவர்கள் மொழி பேசியவர். தன் திருமணத்தைப் பற்றி எழுதும்போது, 1720 நவம்பரில் ஸ்கோஹாரியில் தன் தந்தை வீட்டில் வைத்து, போதகர் ஹேகர் மணம் செய்துவைத்தார் என்கிறார். "என் அன்னா ஈவா" என்று வாஞ்சையோடு எழுதுகிறார். அவள் குடும்பப் பெயரை மட்டும் எழுதவில்லை. தாத்தாவுக்கும் பூட்டனுக்கும் பெயர் எழுதியவர் மனைவியின் பிறந்த வீட்டை விட்டுவிட்டார். அந்த ஓர் இடைவெளியில்தான் கதை வளர்ந்தது.

அவள் ஃபெக் என்ற ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவள், அந்தக் குடும்பமும் 1710-ல் வந்த பாலடைன் கூட்டத்தைச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினார்கள். எப்படி? மேலே சொன்ன அதே வழிதான். உணவுப்படிக் கணக்கு, சபைப் பதிவேடு, ஞானப்பெற்றோர், ஸ்கோஹாரியிலிருந்து டல்பெஹாக்கன் வரை கூடவே நகர்ந்த உறவுகள்.

இந்தக் கதையைக் குடும்ப நூலிலிருந்து அழித்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. "இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது, ஆவணம் இப்படிச் சொல்கிறது" என்று இரண்டையும் எழுதுங்கள். நம் பாட்டிமார் சொன்ன கதையை நாம் எப்படி மதிப்போமோ, அந்த மதிப்பு அவர்கள் பாட்டிமாருக்கும் உண்டு. ஆனால் கொடிவழிப் படத்தின் கட்டத்துக்குள் போவது ஆவணம் சொல்வது மட்டுமே.

இந்தக் குடும்பத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

இரத்தத் தொடர்பு இல்லை, காகிதத் தொடர்பு உண்டு, அதுவும் வலுவானது. மியூலன்பர்க்கை அனுப்பிய, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பிராங்கே நிறுவனம்தான் தரங்கம்பாடிக்கும் ஆள் அனுப்பியது. 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு ஹாலேயின் மாணவர். தமிழில் வேதாகமம் பெயர்த்த ஃபப்ரிசியஸ் பிறந்ததும் மியூலன்பர்க் பிறந்ததும் ஒரே ஆண்டு, 1711. ஒருவரை ஹாலே தமிழகத்துக்கு அனுப்பியது, இரண்டே ஆண்டு இடைவெளியில் மற்றவரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. மியூலன்பர்க்கையே இந்தியாவுக்கு அனுப்பும் யோசனைகூட முதலில் இருந்தது.

இன்றும் ஹாலே ஆவணக்காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியாக் கடிதங்களும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. மியூலன்பர்க் தன் சபை மக்களைப் பற்றி வீடு வீடாக அறிக்கை எழுதி அனுப்பினார். யார் எங்கே பிறந்தார், யாருக்கு என்ன நோய், யார் எப்படி இறந்தார் என்பதெல்லாம் அதில் வரும். அவர் நாட்குறிப்பும் அச்சாகியிருக்கிறது. பென்சில்வேனியா ஜெர்மன் குடும்பம் எதைத் தேடினாலும் அதன் பெயரடைவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 1763-ல் தன் மூன்று மகன்களையும் படிக்க அவர் ஹாலேவுக்கே அனுப்பினார். கடைசிப் பையனுக்கு அப்போது ஒன்பது வயது.

வழித்தோன்றல்களை எப்படிக் கீழ்நோக்கித் தேடுவது?

மேலே ஏறுவதைவிடக் கீழே இறங்குவது கடினம், ஆட்கள் பெருகிக்கொண்டே போவார்கள். முதலில் மாவட்ட எல்லையைப் புரிந்துகொள்ளுங்கள். டல்பெஹாக்கன் இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைதான் அதன் மேல் நகர்ந்தது. 1729-ல் அமைந்த லங்காஸ்டர் மாவட்டத்தின் கீழ் அது இருந்தது. 1752-ல் பெர்க்ஸ் மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. அதனால் 1746-ல் இறந்த மூத்த வைசரின் (கான்ராடின் தந்தை) காலத்துக் காகிதம் லங்காஸ்டரைச் சேர்ந்தது. 1760-ல் இறந்த கான்ராடின் காகிதம் ரெடிங் நகரில் உள்ள பெர்க்ஸ் அலுவலகத்தைச் சேர்ந்தது. தந்தை கடைசியாக வந்து இறந்ததும் மகன் வாழ்ந்ததும் ஒரே மண்ணில்தான்.

மக்கள்தொகைக் கணக்கு 1790-ல் தொடங்குகிறது. 1850-க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான். 1850 முதல் வீட்டில் உள்ள எல்லார் பெயரும் வரும். 1890 கணக்கு 1921-ல் பிடித்த தீயால் பெரும்பாலும் போய்விட்டது. 72 ஆண்டு கழித்தே வெளியிடுவார்கள் என்பதால் இப்போது 1950 வரை பார்க்கலாம். 1850-க்கு முந்தைய இடைவெளியை உயில், நிலப்பத்திரம், வரிக்கணக்கு, சபைப் பதிவேடு, கல்லறைக்கல் ஆகியவற்றைக் கொண்டுதான் நிரப்ப வேண்டும்.

பெண்வழியை விடாதீர்கள். பழைய குடும்ப நூல்கள் மகன்களைப் பின்தொடர்ந்து மகள்களை ஒரே வரியில் முடித்துவிட்டன. மியூலன்பர்க் குடும்பத்திலேயே பாருங்கள். மகள் ஈவா எலிசபெத் போதகர் இமானுவேல் ஷுல்ட்ஸேயை மணந்தார். அவர்கள் மகன் ஜான் ஆண்ட்ரூ ஷுல்ஸே 1823 முதல் 1829 வரை பென்சில்வேனியாவின் ஆளுநர். மியூலன்பர்க் என்ற பெயரை மட்டும் தேடியவருக்கு இவர் அகப்படவே மாட்டார். இன்னொரு மகள் மார்கரெட்டா ஹென்ரியட்டா, போதகர் குன்ஸே வீட்டுக்குப் போனார். அந்தக் கிளைகள் எல்லாம் அன்னா மரியா வழியாகக் குரோஸ் ஆஸ்பாஹ் ஊருக்கே போய்ச் சேருகின்றன. ஆவணத்தில் ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் இல்லாவிட்டால், அவள் தந்தையாக இருக்கக்கூடியவரின் உயிலைப் படியுங்கள். "என் மகள், இன்னாரின் மனைவி" என்று அங்கே எழுதியிருக்கும்.

முன்னோர்களுக்கு எண் போடும் முறை என்ன?

ஜெர்மானியர் பயன்படுத்தும் முன்னோர் பட்டியல் முறை எளிது. தொடங்குபவர் 1. யாராக இருந்தாலும் அவர் எண்ணை இரட்டித்தால் தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய். சபாநாயகர் ஃபிரடரிக் 1 என்றால் தந்தை ஹென்றி மெல்கியோர் 2, தாய் அன்னா மரியா 3. அன்னா மரியாவின் தந்தை கான்ராட் 6, தாய் அன்னா ஈவா 7. கான்ராடின் தந்தை மூத்த வைசர் 12, தாய் ஊபெலே வீட்டு அன்னா மக்டலேனா 13. பிறகு தாத்தா யாக்கோப் 24, ஊர்த்தலைவர் யாக்கோப் 48. எண்ணைப் பார்த்தாலே எந்த வழி என்று தெரிந்துவிடும். வழித்தோன்றல்களுக்கு வேறு முறை வேண்டும். பிறந்த வரிசையை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது போதும்.

ஜெர்மன் ஒரே வாக்கில் அமெரிக்காவின் ஆட்சிமொழி ஆகாமல் போனதாமே? அந்த வாக்கு சபாநாயகர் ஃபிரடரிக் மியூலன்பர்க்குடையதாமே?

அப்படி ஒரு வாக்கெடுப்பே நடக்கவில்லை. வர்ஜீனியாவின் ஆகஸ்டா மாவட்டத்து ஜெர்மானியர், சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிட்டுத் தரும்படி 1794-ல் மனு கொடுத்தார்கள். 1795-ல் அந்த விவாதத்தை ஒத்திவைக்கும் தீர்மானம் 42-க்கு 41 என்ற கணக்கில் தோற்றது. அதிலிருந்து முளைத்ததுதான் இந்தக் கதை.

ஃபிரடரிக்கின் அண்ணன் பீட்டரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 1776-ல் வர்ஜீனியாவின் உட்ஸ்டாக் ஆலயத்தில் பிரசங்கம் முடித்ததும் போதகர் அங்கியைக் கழற்றினாராம், உள்ளே ராணுவச் சீருடை இருந்ததாம். அவர் ஒரு படைப்பிரிவைத் திரட்டிப் போருக்குப் போனது ஆவணப்பூர்வமான உண்மை. அங்கிக் காட்சி முதலில் விரிவாக வருவதோ, அவர் இறந்து 40 ஆண்டுக்கு மேல் கழித்து, 1849-ல் குடும்பத்தைச் சேர்ந்தவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில். முதல் செய்தியைக் கொடிவழியில் எழுதுங்கள், இரண்டாவதைக் குடும்பக் கதை என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

அவர்கள் குடியேறிய நிலம் யாருடையது?

இதை யாரும் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். டல்பெஹாக்கன், பழங்குடியினரான லெனாப்பி மக்களின் நிலம். 1723-ல் ஜெர்மானியர் வந்தபோது அது அவர்களிடமிருந்து வாங்கப்பட்டிருக்கவில்லை. லெனாப்பி தலைவர் சசூனன் 1728-ல் பிலடெல்பியாவில் இதை நேருக்கு நேர் முறையிட்டார். விலை பேசி ஒப்பந்தமானது 1732-ல். உங்கள் முன்னோர் அந்த முதல் கூட்டத்தில் இருந்தால், இந்த முறையீடும் ஒப்பந்தமும் உங்கள் குடும்ப வரலாற்றின் பகுதிதான். ஒரு குடும்ப நூலில் நிலப்பட்டா எண் இருக்கும்போது, அதற்கு முன் அங்கே இருந்தவர் பெயரும் இருக்க வேண்டும்.

டிஎன்ஏ பரிசோதனை உதவுமா?

ஓரளவு. ஒய் குரோமோசோம் பரிசோதனை ஆண்வழிக்கு நல்லது. வைசர் பெயருள்ள இரண்டு ஆண்கள் ஒரே மூலத்தைச் சேர்ந்தவர்களா என்று அது காட்டும். வழக்கமாகச் செய்யும் பொதுப் பரிசோதனை நான்கைந்து தலைமுறைக்கு மேல் மங்கிவிடும். பத்துத் தலைமுறை மேலே 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் கணிசமானோரிடமிருந்து உங்களுக்கு ஒரு துண்டுகூட வந்திருக்காது. முடிவில் மோஹாக் கலப்பு எதுவும் காட்டவில்லை என்பதை வைத்து 1720-ல் நடந்த திருமணத்தைப் பற்றி ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அதற்குக் காகிதம்தான் வேண்டும்.

குடும்பச் சின்னம் என்று கடைகளில் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். சின்னம் குறிப்பிட்ட குடும்பத்துக்கு வழங்கப்படுவது, பெயருக்கு வழங்கப்படுவதில்லை.

இவர்கள் எல்லாரும் ஆமிஷ் மக்களா?

இல்லை. பென்சில்வேனியா ஜெர்மானியரில் பெரும்பான்மையோர் லுத்தரன், ரிஃபார்ம்ட் சபையினர். எளிய வாழ்க்கை முறையைக் கடைப்பிடிக்கும் தனிச் சபையினரான ஆமிஷ், மென்னோனைட் மக்கள் சிறுபான்மை. எந்தச் சபை என்று தெரியாமல் தேடினால் தவறான பதிவேட்டைத்தான் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். ஒருவரே சபை மாறுவதும் உண்டு. கான்ராட் வைசர் சில காலம் லுத்தரன் சபையை விட்டு எஃப்ராட்டா துறவு மடத்தில் இருந்தார்.

ஜெர்மன் கையெழுத்து ஒன்றும் புரியவில்லை. என்ன செய்வது?

அது குர்ரெண்ட் என்ற பழைய கையெழுத்து. இன்றைய ஜெர்மானியருக்கே பயிற்சி இல்லாமல் படிக்க வராது. ஆனால் சபைப் பதிவேடு ஒரே வாய்பாட்டில் எழுதப்பட்டது. தேதி, குழந்தை, தந்தை, தாய், ஞானப்பெற்றோர் என்று வரிசை மாறாது. மாதப் பெயர்களையும், "மகன்", "மகள்", "விதவை" போன்ற இருபது முப்பது சொற்களையும், உங்கள் குடும்பப் பெயரையும் அந்த எழுத்தில் எழுதிப் பழகினால் பெரும்பாலான பதிவுகளைப் பிடித்துவிடலாம். போதகர் மாறினால் கையெழுத்தும் மாறும், முதல் சில பக்கம் சிரமமாகத்தான் இருக்கும். புராட்டஸ்டன்ட் பதிவேடுகள் ஏராளமாக ஆர்க்கியான் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. ஃபேமிலிசர்ச் தளம் இலவசம். அங்கே உள்ள பெயரடைவை நம்பி நின்றுவிடாமல், பதிவேட்டின் படத்தைத் திறந்து முன்னும் பின்னும் சில பக்கம் புரட்டுங்கள். உறவுக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

இணையத்தில் ஆயத்தக் கொடிவழிகள் நிறைய இருக்கின்றன. எடுத்துக்கொள்ளலாமா?

துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக வேண்டாம். அடியில் எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம் என்று குறிப்பு இல்லாத கட்டத்தை உங்கள் கொடிவழிக்குள் விடாதீர்கள். ஐம்பது பேர் ஒரே தகவலை வைத்திருப்பது ஐம்பது சாட்சி ஆகாது. பெரும்பாலும் ஒருவரிடமிருந்து நாற்பத்தொன்பது பேர் நகலெடுத்திருப்பார்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர்களைக் கேட்காமல் பொதுவில் போடவும் வேண்டாம்.

இன்று மாலையே தொடங்க வேண்டும் என்றால் முதலில் எதைச் செய்வது?

சம்பந்தி வீட்டில் வயதில் மூத்தவருக்குப் போன் செய்யுங்கள். அவருடைய பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர், எந்த ஊர் ஆலயத்துக்குப் போனார்கள், எந்தக் கல்லறைத் தோட்டம், வீட்டில் பழைய ஜெர்மன் வேதாகமம் இருக்கிறதா என்ற நான்கையும் கேளுங்கள். வேதாகமம் இருந்தால் நடுவில் உள்ள வெற்றுத்தாள்களையும் முன்பின் அட்டை உட்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறப்பும் இறப்பும் அங்கேதான் எழுதுவார்கள். பூ, பறவை வரைந்த வண்ணத்தாள் ஒன்று மடித்து உள்ளே இருந்தால், அதை விரித்து அழுத்தாமல் அப்படியே படமெடுக்கச் சொல்லுங்கள். அது ஞானஸ்நானச் சான்றாக இருக்கலாம். பெற்றோர், தாயின் பிறந்த வீடு, மாவட்டம், போதகர், ஞானப்பெற்றோர் என எல்லாம் அந்த ஒரே தாளில் எழுதியிருப்பார்கள்.